இரண்டரை அடி

விஜேகோன் ஐயாவின் வரைபடத்தில்
அது இன்னும் ஓடுகிறது.
மையால் இரண்டு கோடு, இடையிடையே குறுக்குக் கீறல்.
நானுஓயாவில் தொடங்கி
நுவரெலியாவைத் தாண்டி, கந்தப்பளையில் மூச்சு வாங்கி
ராகலையில் நிற்கிறது.
தடத்தின் அகலம் இரண்டரை அடி.
தண்டவாளத்தைக் கழற்றியவர்கள்
படத்திலிருந்து கழற்ற மறந்துவிட்டார்கள்.

நான் நாடா பிடிக்கிறவன்.
ஒரு நுனி என் கையில், மறுநுனி ஐயாவிடம்.
நடுவில் லீக்ஸ் பாத்தி, கோழிக்கூடு,
யாரோ காயப்போட்ட பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை.
"ரயில்வே ஒதுக்கம்" என்று அவர் சொல்லச் சொல்ல
முளை அடித்துக்கொண்டு போகிறேன்.
ஒன்று பூசணிக்கொடியில் இறங்கிற்று.
மன்னிப்புக் கேட்க ஆளைத் தேடினேன். காணவில்லை.

இந்தப் பாதையைப் பற்றி எனக்குத் தெரிந்தது
கோப்பில் படித்தது கொஞ்சம், வழியில் இடறியது மிச்சம்.
மேலே போனது அரிசி, உரம், ஒரு துரையின் பியானோ.
கீழே வந்தது தேயிலைப் பெட்டி.
மலையை வெட்டியவர்களில் ஒரே ஒரு பெயர் இருக்கிறது:
சடையன். கடப்பாரை தொலைத்தான்.
ஐம்பது சதம் பிடித்தம்.
தொலைக்காதவர்களை எழுதிவைக்கக் காரணம் இருக்கவில்லை.

பிறகு லொறி வந்தது. கணக்குப் பார்த்தார்கள்.
யுத்தகாலத்து இரும்பு விலையையும் பார்த்தார்கள்.
கடைசி வண்டிக்கு ஒருவரும் மாலை போடவில்லை போலும்;
அன்றைய திகதிக்கு எதிரே
"மழை" என்று மட்டும் இருக்கிறது.

கோயில் கூரையைத் தாங்கும் விட்டம் ஒரு தண்டவாளம்.
பிரட்டுக்களத்தில் தொங்குகிறது இன்னொரு துண்டு,
ஒரு முழம்கூட வராது.
விடியுமுன் அதை அடிக்கிறபோது
ரயில் போன வேகத்தைவிட வேகமாய்ப் போகிறது சத்தம்,
ஆறு லயத்துக்கும்.
அவர்கள் லைன் என்றதும் நாங்கள் லயன் என்பதும்
ஒரே சொல்தான்.
ஒன்றில் பெட்டிகள் நகர்ந்தன.
மற்றதில் நகரவில்லை.

வளைவில் ஒரு வீடு.
பாதை வளைந்ததால் சுவரும் வளைந்த வீடு.
அடைக்கலமேரி கதவைத் திறந்து
நாடா உள்ளே போக வழிவிட்டாள்.
"செருப்போடயே வாங்க.
ரயிலே வந்த எடம்தானே."
அடுப்படியில் மூட்டையை அவிழ்க்கையில்
ஒரு உருளைக்கிழங்கு தவறி விழுந்து
நிதானமாக உருண்டது,
கட்டிலுக்கு அடியால், வாசற்படி தாண்டி,
ராகலைப் பக்கமாக.
ஐயா மட்டம் வைத்துப் பார்த்தார்.
படத்தில் எழுதியிருந்த அதே சரிவு.
சீமெந்து பூசியும் போகவில்லை.

"இனி ரயில் வருமா?"
"வராது."
"அப்ப காணி யாருக்கு?"
ஐயா பென்சிலைக் காதில் செருகினார்.
தமிழ் அவருக்கு நன்றாகவே விளங்கும்.

மாதா படத்துக்குப் பின்னாலிருந்து
ஒரு கடித உறையை எடுத்தாள்.
திணைக்களத்தின் அறிவித்தல்.
ஒதுக்கப் பகுதியில் எவரும் வசிக்கலாகாது.
பதிவுத் தபால். மேலே அவள் பெயர்,
கீழே: பழைய ரயில் பாதை, ஏழாம் கட்டை, கந்தப்பளை.

"இங்க ஆளே இருக்கக்கூடாதுன்னு சொல்ற கடுதாசிய
எங்கிட்டயே கையெழுத்து வாங்கிக்கிட்டுக் குடுத்தாங்க.
வேற உறுதி எனக்கு இல்ல.
இதத்தான் உறுதின்னு வச்சிருக்கேன்."

ஐயா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
முகவரியைத் தன் குறிப்பேட்டில் எழுதினார்.
எதற்கென்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
நாடாவைச் சுற்றினேன்; சேறும்
ஒரு பூசணிப்பூவும் கூடவே சுற்றிக்கொண்டு வந்தன.

வெளியே, சற்றுமுன் நான் அடித்த முளையில்
முட்டி நின்றிருந்தது கிழங்கு.
குனிந்து எடுத்தேன்.
அதிலும் ஒரு முளை,
வெள்ளையாக, ஒரு அரிசி அளவில்.